வியர்வைக்கு வேற்றுநாடு உண்டா?

"அந்நியத் தொழிலாளர்கள் நம் சலுகைகளையெல்லாம் தின்று தீர்க்கிறார்கள்" என்னும் பேச்சு நம் தமிழரிடையேயும் அடிக்கடி எழுகின்றது. 'வந்தேறிகள்' என்று பிறர் நம்மைப் பழித்தபோது கொதித்தெழுந்தவர்கள் நாம். இன்று உணவகத்தில் தட்டுக் கழுவும் இராமநாதபுரத்து இளைஞனை நாமே அப்படிப் பழிக்கலாமா?

கணக்கைப் பார்ப்போம். 2025 அக்டோபர் முதல் அந்நியத் தொழிலாளர்க்கும் ஊழியர் சேமநிதி கட்டாயமாயிற்று. தொழிலாளி 2 விழுக்காடு. முதலாளி 2 விழுக்காடு. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கு மாதம் 68 வெள்ளி சேரும். அதே சம்பளம் பெறும் குடிமகனுக்கோ 11 விழுக்காடும் 13 விழுக்காடுமாக 408 வெள்ளி சேர்கின்றது. வீட்டுப் பணிப்பெண்களுக்கு அந்த 2 விழுக்காடும் கட்டாயமில்லை. அரசு மருத்துவமனையிலும் குடிமகன் 1 வெள்ளி கொடுத்துப் பெறும் வெளிநோயாளர் சிகிச்சைக்கு அவர்கள் பன்மடங்கு செலுத்துகிறார்கள். இதில் தின்று தீர்ப்பவர் யார்?

நல்ல மாற்றங்கள் நிகழ்ந்துள்ளதையும் மறுப்பதற்கில்லை. முன்பு வேலையிட விபத்தில் மாண்டவரின் குடும்பத்திற்கு ஒருமுறை இழப்பீட்டுத் தொகையோடு எல்லாம் முடிந்துவிடும். 2019 சனவரியில் சொக்சோவின் வேலையிட விபத்துத் திட்டம் அவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 2024 சூலையில் உடல் இயலாமைத் திட்டமும் வந்து சேர்ந்தது.

ஆனால், சட்டத்தில் எழுதிய உரிமை தானாக நடந்து வந்து தொழிலாளியின் கையில் விழுவதில்லை. தம் பெயரில் சேமநிதிக் கணக்கு உண்டு, நாடு திரும்பும்போது அப்பணத்தை மீட்கலாம், விபத்து நேர்ந்தால் சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பவற்றை அவர்களுக்கு யார் சொல்வது? மலாயும் ஆங்கிலமும் அறியாதவருக்குப் பாரத்தில் உள்ள உரிமை பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பொன்னுக்குச் சமம்.

இந்த இடத்தில்தான் நம் கடமை தொடங்குகின்றது. ஊழியர் சேமநிதி பிறந்தது 1951இல். அதற்கு முன்பு கங்காணி வழியாக வந்து, இரப்பர்த் தோட்டங்களில் உழைத்துத் தேய்ந்து, முதுமையில் வெறுங்கையோடு கப்பலேறிய நம் முன்னோர் எத்தனை பேர்! அந்த வலியை அறிந்த இனம் இன்னொருவனின் உழைப்புக்கு உரிய பயனைத் தடுக்க நினைக்கலாமா?

அருகிலுள்ள கடையில் வேலை செய்யும் தமிழகத் தொழிலாளியிடம் சம்பளச் சீட்டில் சேமநிதி பிடித்தம் உள்ளதா எனக் கேளுங்கள். பிடித்த பணம் கணக்கில் சேர்ந்துள்ளதா எனப் பார்க்கத் துணைநில்லுங்கள். பாரத்தைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். காசு செலவில்லாத உதவி இது. தமிழால் இணைந்தோம் என மேடையில் முழங்குவதைவிட இதுவே மேலான தமிழ்ப்பணி!