காரம் மட்டும் போதுமா?



"சைனாக்காரன் பாம்பு, பல்லிதானே தின்பான்!" வீட்டில் சீனச் சமையல் செய்து பார்த்தேன் என்று சொன்னதும் எனக்குக் கிடைத்த பதில் இது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம்தான் உறுத்தியது. தள்ளுவண்டியில் 'ஷெஸ்வான்' ஃப்ரைடு ரைஸ் சாப்பிடுகிறோமே, அது சிச்சுவான் என்ற சீன மாகாணத்தின் பெயர் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் செய்தது அந்த ஊர்ப் பண்டம்தான். பெயர் 'கோங்பாவ் ஜிடிங்'. ஹோட்டலில் குங் பாவ் சிக்கன் என்பார்கள். 'ஜிடிங்' என்றால் கோழித் துண்டுகள். 'கோங்பாவ்' என்பது 19-ஆம் நூற்றாண்டில் சிச்சுவானின் ஆளுநராக இருந்த டிங் பாவ்சென் என்பவரின் பட்டம். 1966-ல் கலாசாரப் புரட்சி வந்தபோது, மன்னர் கால அதிகாரியின் பெயர் கூடாது என்று இந்தப் பெயரையே மாற்றினார்கள். ஆனாலும் பழைய பெயர்தான் நிலைத்தது.

முதல் தடவை நான் செய்தது படுதோல்வி! 'தீ நிறைய வேணும்' என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். புகை வந்த எண்ணெயில் மிளகாயைப் போட்டேன். கருகிப்போச்சு. நெடியில் வீடே இருமியது. அரைக்கிலோ கோழியையும் ஒரேயடியாகக் கொட்டினேன். தண்ணீர் விட்டுக் குழம்பாகிவிட்டது. அம்மா விட்ட டோஸ் தனிக்கதை.

அப்புறம்தான் புரிந்தது, இது நம்ம தாளிப்பு மாதிரிதான். மிளகாய் கடித்துத் தின்ன அல்ல, எண்ணெய்க்கு வாசம் ஏற்ற. நாம் கறிவேப்பிலையை ஒதுக்குவது போல அவர்களும் மிளகாயை ஒதுக்கிவிடுவார்கள்.

இரண்டாம் தடவை கால்கிலோ கோழிதான். கடலையைவிடச் சற்றுப் பெரிதாக நறுக்கி, சோயா சாஸும் கார்ன்ஃப்ளாரும் பிசறி வைத்தேன். ஒரு கிண்ணத்தில் சர்க்கரை 3 டீஸ்பூன், வினிகர் 2, சோயா சாஸ் 2, கார்ன்ஃப்ளார் 1, கொஞ்சம் தண்ணீர் கலந்து தயாராக வைத்தேன். அடுப்பை மூட்டியபின் எதையும் தேட நேரம் கிடையாது! மிதமான சூட்டில் 8 காய்ந்த மிளகாய். நிறம் மாறியதும் தீயைக் கூட்டிக் கோழி. வெந்து வரும்போது இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள். பிறகு கிண்ணத்துக் கலவை. அது பளபளவென்று கெட்டியானதும், கடைசியில் வறுத்த வேர்க்கடலை. அவ்வளவுதான்.

ஒரு குறை. அதில் 'ஹுவாஜியாவ்' என்ற சிச்சுவான் மிளகு போட வேண்டும். அது மிளகே அல்ல, எலுமிச்சைக் குடும்பத்துக் காய். நாக்கை மரத்துப்போக வைக்கும். எங்கள் ஊர்க் கடையில் இல்லை. அதனால் நான் செய்தது முக்கால்வாசி கோங்பாவ்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம். மிளகாய் அவர்களுடையதும் அல்ல, நம்முடையதும் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தது. நம்மிடம் மிளகு இருந்தது, அதனால் 'மிளகாய்' என்றோம். அவர்களிடம் ஹுவாஜியாவ் இருந்தது, அதனால் சிச்சுவான்காரர்கள் 'ஹாய்ஜியாவ்', அதாவது கடல் மிளகு என்றார்கள். ஒரே விருந்தாளிக்கு இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிப் பெயர்! இப்படிப்பட்டவர்களையா நாம் கேலி செய்கிறோம்?

என் கருத்து இதுதான். சிவப்புச் சாயமும் காரமும் சேர்த்தால் சீனச் சமையல் ஆகிவிடாது. பாம்பு, பல்லி என்று சிரித்தால் சீனர்களைத் தெரிந்துகொண்டதாகவும் ஆகாது. ஒரு ஊர்ச் சாப்பாட்டைக் குறை சொல்லும் முன் ஒரு தடவை சமைத்துப் பாருங்கள். பையன்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்!

போன திங்கட்கிழமை ஒரு டப்பாவில் கொண்டுவந்தேன். அன்று அதிகமாகச் சிரித்தவன்தான் முதலில் கை நீட்டினான். எனக்குக் கடலை மட்டும் மிச்சம்.

- 11-ஆம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு