பண்ணைக்குட்டையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி விடலாமா?

‘‘10 சென்ட் பண்ணைக்குட்டை இருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு விட்டால் சீக்கிரம் எடை வரும், கோழிக்கழிவு போட்டாலே போதும் என்கிறார் ஒரு வியாபாரி. விடலாமா? கண்மாயில் ஏற்கெனவே இந்த மீன் கிடைக்கிறது. அயிரையும் குறவையும் குறைந்துவிட்டன.’’

- வாசகர், ஒக்கூர், சிவகங்கை மாவட்டம்.

விடக் கூடாது. இந்த மீனை வளர்க்க 2000-ம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்துவிட்டது. இருக்கும் மீன்களை அழிக்கவும் உத்தரவு உண்டு.

காரணம் இருக்கிறது. இது மீன் குஞ்சு, முட்டை, தவளை, புழு என எதையும் தின்னும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால், கலங்கிய சேற்றிலும் பிழைக்கும். மழை ஈரத்தில் தரையில் ஊர்ந்தும் அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்தால், மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் பாயும். ஒருவர் குட்டையில் விட்ட மீன் பத்து ஊர்க் கண்மாய்க்குப் போக ஒரு பெருமழை போதும். கோழிக்கழிவு போட்டால் தண்ணீர் அழுகி நாறும். பக்கத்துக் கிணற்று நீரும் கெடும்.

ஜிலேபி மீனும் இப்படி வந்ததுதான். உணவுக்காக 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டையையும் குஞ்சையும் தாய்மீன் வாயில் வைத்துக் காப்பதால் வேகமாகப் பெருகியது. கூட்டம் பெருகப் பெருக, மீன் சிறுத்துப்போனது.

அடையாளம் எப்படி? ஆப்பிரிக்கக் கெளுத்தியின் தலை தட்டையாக, எலும்பு போல் கெட்டியாக இருக்கும். மீசை எட்டு. முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னிருந்து வால் வரை ஒரே நீளமாக ஓடும். நம் நாட்டுக் கெளுத்திக்கு முதுகுத் துடுப்பு குட்டை. அதன் பின்னால் சதைப்பற்றான சிறு துடுப்பு ஒன்று தனியாக இருக்கும்.

குட்டையில் ஏற்கெனவே புகுந்திருந்தால், தண்ணீரை வடித்துச் சேறு வெடிக்கும்வரை காயவிடுங்கள். வடிக்க முடியாவிட்டால் இலுப்பைப் புண்ணாக்கு போடலாம். 10 சென்ட் குட்டையில் 1 மீட்டர் தண்ணீருக்கு 100 கிலோ தேவை. நஞ்சு தணிய மூன்று வாரம் ஆகும். அதுவரை ஆடு, மாடுகளை விடாதீர்கள். கண்மாயிலும் ஊருணியிலும் இதைச் செய்யக் கூடாது.

பிறகு சென்ட்டுக்கு 20 முதல் 30 விரல் நீளக் குஞ்சுகள் விடலாம். 100 குஞ்சுக்குக் கட்லா 40, ரோகு 30, மிர்கால் 30 என்பது கணக்கு. தண்ணீர் வரும், போகும் வாயில்களில் நெருக்கமான வலை கட்டுங்கள்.

கண்மாய் வற்றி ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாள்தான் நல்ல வாய்ப்பு. வலையில் ஏறிய ஆப்பிரிக்கக் கெளுத்தி சிறியதென்றாலும் திரும்ப விடாதீர்கள். உயிரோடு வேறு குளத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். வீட்டுத் தொட்டியில் வளர்த்த அழகு மீனையும் ஊருணியில் விட வேண்டாம். குஞ்சு வாங்கும் முன் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.