பலாலிக்கு மேலே பறக்க எத்தனை ஜீபி வேண்டும்?

ரொறன்ரோவில் இருக்கும் மாமா வட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வி ஒரு வரிதான்: "தம்பிக்கு எந்தக் கார்ட் அனுப்ப?" உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் மருமகனுக்கு விமானம் ஓட்டும் சிமுலேற்றருக்கு ஒரு கணினி வேண்டும். கிராபிக்ஸ் கார்டைக் கனடாவில் வாங்கி, ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிட்டால் மிச்சத்தை யாழ்ப்பாணத்தில் பொருத்திக்கொள்ளலாம் என்பது அவரது கணக்கு. எனக்குக் கணினி கொஞ்சம் தெரியும் என்பதால் அந்த வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். தேத்தண்ணி வந்தது. பெடியன் கொப்பியில் எழுதி வைத்திருந்த பட்டியலைக் காட்டினான். தாயாரிடம் இருந்தது வேறொரு கேள்வி: "அதிலை எங்கடை காணி தெரியுமோ?"

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் அது. காணி பலாலியை அண்டிய உயர்பாதுகாப்பு வலயத்துக்குள். இன்னும் விடுவிக்கப்படவில்லை.

முதலில் பெடியனின் பட்டியல். தலைப்பில் ஆர்.ரி.எக்ஸ். 5080. அதற்குக் கீழே 16 ஜீபி றாம். புரொசசர் "நோர்மல்". மின்வழங்கி, யூபிஎஸ் எதுவும் இல்லை. திரை, வீட்டில் ஏற்கனவே இருக்கும் 1080பி மொனிற்றர். சுட்டு விளையாடும் விளையாட்டுகளுக்குக் கணினி பூட்டிய நண்பர்களிடம் கேட்டு எழுதியது என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

விமானச் சிமுலேற்றரின் குணம் வேறு. சுடும் விளையாட்டில் செக்கனுக்கு 144 படங்கள் ஓடவேண்டும் என்று சண்டை பிடிப்பார்கள். இங்கே ஆடாமல் அசையாமல் 30 படங்கள் கிடைத்தாலே நிம்மதியாகத் தரையிறக்கலாம். ஆனால் அந்த 30 ஐக் கெடுப்பது பெரும்பாலும் கார்ட் அல்ல, புரொசசர். இறக்கையில் காற்று எப்படிப் படுகிறது, எஞ்சின் என்ன செய்கிறது, கொக்பிற்றில் உள்ள ஒவ்வொரு மானியும் எதைக் காட்டவேண்டும், பக்கத்தில் எந்த விமானம் வருகிறது என்ற கணக்கின் பெரும்பகுதி புரொசசரின் ஒரே இழையில்தான் ஓடுகிறது. அந்த இழை பிந்தினால் எவ்வளவு விலையான கார்டும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். பெரிய விமான நிலையங்களில், பெரிய பயணிகள் விமானங்களில் படம் திக்குவது இதனால்தான்.

ஏ.எம்.டி.யின் எக்ஸ்3டி வகைப் புரொசசர்கள் சிமுலேற்றர்காரர்களிடம் இவ்வளவு பெயர் எடுத்ததற்குக் காரணமும் இதுவே. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி இல் மூன்றாம் நிலை கஷ் நினைவகம் 96 எம்பி. சாதாரண 9700எக்ஸ் இல் 32. கடைக்காரருக்கு அடிக்கடி தேவைப்படும் சாமான் எல்லாம் மேசையிலேயே இருப்பதற்கும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஸ்ரோருக்கு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். விலை அதிகம், அது உண்மை. ஆனால் ரைசன் 5 7600 போன்ற ஒன்றை ஏ.எம்.5 போர்டில் இன்று போட்டுவிட்டு, கை கொஞ்சம் தேறியதும் அதே போர்டில் எக்ஸ்3டி ஒன்றை மாற்றலாம். 5080 வாங்கும் காசில் இப்படி இரண்டு படி ஏறலாம் என்று சொன்னபோது பெடியனுக்கு முகம் விழுந்துவிட்டது.

அடுத்தது றாம். இவ்வளவு காலமும் கணினி பூட்டுபவர்கள் யோசிக்காமலே வாங்கிய பொருள் இது. மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேற்றர் 2024 க்கு அந்த நிறுவனமே சொல்லும் அளவு: ஆகக்குறைந்தது 16 ஜீபி, பரிந்துரைப்பது 32, ஆகச்சிறந்தது 64. 16 உடன் தொடங்கலாம், ஆனால் அந்தரப்பட்டுத்தான் பறக்கவேண்டும். 32 என்பதே நடைமுறைக்கான எண்.

அந்த 32 தான் இப்போது கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருக்கிறது. உலகத்தின் றாம் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைச் செய்பவை சம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு வேண்டிய எச்.பி.எம். நினைவகத்துக்கு, அதே கொள்ளளவுள்ள சாதாரண டி.டி.ஆர்.5 ஐ விட ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கன் தகடு போகிறது. இலாபமோ அங்கேதான். 2025 ஒக்ரோபரில் ஓப்பின்ஏஐ தனது தரவு மையத் திட்டத்துக்காக சம்சுங்குடனும் ஹைனிக்ஸுடனும் உடன்பாட்டுக்கு வந்தது. டிசம்பரில் மைக்ரோன், சாதாரண வாடிக்கையாளருக்கான தனது குரூஷல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. 2025 இன் கடைசி மாதங்களுக்குள் பல நாடுகளில் டி.டி.ஆர்.5 விலை இரட்டிப்பைத் தாண்டிப் போனது.

யாழ்ப்பாணத்தில் அதன்மேல் நமது சுமையும் ஏறுகிறது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதும், பிறகு 300 ஐ ஒட்டி நின்றுவிட்டதும் யாருக்கும் மறந்திருக்காது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இங்கே வரும்போது கடைகளில் தெரிவும் குறைந்துவிடும். சென்ற வருடம் எனக்கே ஒரு கடையில் 16 ஜீபி என்று விற்றதைத் திறந்து பார்த்தால் 8 தான். திருப்பிக் கொடுக்க மூன்று தரம் போகவேண்டியிருந்தது.

ஆகவே மாமாவின் கணக்கைத் தலைகீழாக்கச் சொன்னேன். அங்கிருந்து யாரிடமாவது கொடுத்துவிட ஏற்ற சாமான், பெட்டியோடு கிலோக்கணக்கில் நிற்கும் கார்ட் அல்ல, சட்டைப் பைக்குள் அடங்கும் றாம். இரண்டு இடத்து விலையையும் ஒப்பிட்டுவிட்டு, அங்கே மலிவென்றால் இரண்டு 16 ஜீபி துண்டுகளை அனுப்பட்டும். கார்ட் பழுதானால் கனடாவில் வாங்கியதற்குப் பெரும்பாலும் கனடாவிலேயே உத்தரவாதம். அதைத் திருப்பி அனுப்பி எடுப்பது நடக்கிற காரியமில்லை. கார்டை இங்கேயே, எழுத்தில் உத்தரவாதம் தரும் கடையில் வாங்குவது புத்தி. 1080பி திரைக்கு ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்ரி அல்லது 5060 ரிஐ போதும். ஆனால் இரண்டிலும் 8 ஜீபி, 16 ஜீபி என்று இரண்டு வகை வருகின்றன. பெட்டியைப் பார்த்து 16 ஐ எடுக்கவேண்டும். தரைப்படங்களை ஏற்றும்போது 8 ஜீபி கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும்.

மின்சாரம் பற்றி நீட்டத் தேவையில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. நல்ல மின்வழங்கியும் யூபிஎஸ்ஸும் பட்டியலில் முதல் இரண்டு வரிகள். மிச்சம் இருந்தால் ஜோய்ஸ்டிக்.

இணையம் அப்படியல்ல, அதை நிதானமாகப் பார்க்கவேண்டும். 2024 பதிப்பு கணினியில் பிடிக்கும் இடம் 50 ஜீபி அளவுதான். உலகத்தின் மிச்சம், விமானங்கள் உட்பட, பறக்கப் பறக்க மைக்ரோசொப்ட்டின் சேவையகத்திலிருந்து இறங்குகிறது. 10 எம்பிபிஎஸ் ஆகக்குறைந்தது, 50 பரிந்துரை. 2024 நவம்பரில் வெளிவந்த அன்று அந்தச் சேவையகங்களே திணறி, உலகம் முழுவதும் காசு கொடுத்தவர்கள் 'ஏறுகிறது' என்ற திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நகரத்தில் பைபர் இணைப்பு உள்ளவர் பரவாயில்லை. டேற்றா பக்கேஜ் முடிந்துவிடுமே என்று எண்ணிப் பார்க்கும் வீட்டில், எந்தக் கார்ட் போட்டாலும் கீழே தெரிவது கரைந்த பச்சை வர்ணம். அப்படியான வீட்டுக்கு எக்ஸ்-பிளேன் 12 பொருத்தம். தரையை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டு இணையமே இல்லாமல் பறக்கலாம். காசு போடுமுன் கை பழகிப் பார்க்க, இலவசமான பிளைட்கியர் பழைய கணினியிலும் ஓடும்.

இனித் தாயாரின் கேள்வி. நேரடியான பதிலைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. சிமுலேற்றரில் கட்டடங்கள் அச்சொட்டாகத் தெரிவது, விமானத்திலிருந்து பல கோணங்களில் படம் எடுத்து முப்பரிமாணமாக்கிய நகரங்களில். மிச்ச உலகத்துக்குச் செய்மதிப் படம் ஒரு பாய் போல விரிக்கப்படுகிறது. அதன்மேல் வீடுகளையும் மரங்களையும் மென்பொருள் ஊகித்து நடுகிறது. 2020 பதிப்புக்கு அவுஸ்திரியாவில் உள்ள ஒரு நிறுவனம் இப்படி நூற்றைம்பது கோடி கட்டடங்களை எழுப்பியது. பலாலி ஓடுபாதை இருக்கும், கடற்கரை சரியாக வளையும். ஆனால் காணியில் நிற்கும் வீடு அவர்களுடைய வீடாக இராது. 64 ஜீபி போட்டாலும் இராது, ஏனென்றால் அந்தத் தரவு எங்கேயும் இல்லை. இடிந்த வீட்டின்மேல் மென்பொருள் ஒரு புது வீட்டை வைத்துவிடவும் கூடும்.

"அப்ப தெரியாது எண்டுறியள்" என்றார்.

"நிலம் தெரியும் அன்ரி. வீடு தெரியாது."

எக்ஸ்-பிளேன் வீதிகளையும் கட்டடங்களையும் ஓப்பின்ஸ்ரீற்மப் வரைபடத்திலிருந்து எடுக்கிறது. அந்த வரைபடத்தில் யாரும் தமது ஊரை வரையலாம். பெடியன் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். விடுபட்ட ஊர்களில் திரும்பக் கட்டிய வீடுகளை அவனைப்போல நாலு பேர் வரைந்தால், பின்னால் வரும் தரைப்படங்களில் அவை ஏறும்.

விமானம் என்றால் இந்த வீட்டில் ஒரு காலத்தில் பங்கருக்கு ஓடுவது. இப்போது சென்னையிலிருந்து வரும் ஏ.ரி.ஆர். தாழ இறங்கும் சத்தத்துக்குத் தாயார் இன்னமும் ஒருமுறை மேலே பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்கிறார். மகன் அதன் எஞ்சின் பெயரைச் சொல்கிறான்.

கைத்தொலைபேசியில் செய்மதிப் படத்தை விரித்துக் காட்டினேன். கூரைகள் ஏதும் பிடிபடவில்லை. எல்லாம் பற்றை. ஆனால் அவர் ஒழுங்கை திரும்பும் இடத்தைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து விரலால் அளந்து, "இதிலைதான் கிணறு" என்றார். சரியா பிழையா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

அன்றிரவே பெடியன் மாமாவுக்குப் புதுப் பட்டியலை அனுப்பினான்: றாம் இரண்டு துண்டு, கார்ட் வேண்டாம், இங்கே வாங்குகிறோம். காலையில் பதில் வந்திருந்தது. "சரி. யூபிஎஸ்ஸுக்கும் சேர்த்துப் போடுறன். அம்மாவுக்கும் ஒருக்கா ஓடிக் காட்டு."