குரங்கு செத்தபின் விழிப்பதோ?

அந்நாள் மைசூர் மாநிலச் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் 1957ஆம் ஆண்டு குரங்குகள் கொத்துக் கொத்தாய் மாண்டன. காட்டோர மக்களும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். அந்நச்சுயிரியைச் சுமப்பன உண்ணிகளே என்பதைப் புனே ஆய்வாளர் கண்டனர். அரைத்த உண்ணிச் சாற்றைச் சுண்டெலிக் குட்டிக்கு ஏற்றி, அது நலிகிறதா எனப் பல நாள் காத்திருந்த காலம் அது.

இன்றோ, வெண்துணியைப் புதர்மேல் இழுத்தால் பசித்த உண்ணிகள் தாமே பற்றிக்கொள்ளும். அவற்றை இனம் பிரித்துத் தொகுதி தொகுதியாய் அரைத்து, நச்சுயிரியின் மரபுப்பொருளைப் பி.சி.ஆர். முறையிற் பெருக்கினால் ஓரிரு நாளில் விடை கிட்டும். (சில தொகுதிகளில் இல்லையெனின் காடே தூய்மை எனத் துள்ளவும் வேண்டா.) இவ்வழி இருக்க, குரங்குப் பிணத்தையே முதல் அறிகுறியாய் நம்பியிருத்தல் என்ன அறிவுடைமை? விறகு பொறுக்கும் ஏழைக்கு அது காலங்கடந்த பறையொலி அன்றோ? 2019இல் சாகர வட்டத்து அரளகோட்டுப் பகுதியில் உயிர்கள் பல போயினவே!

இன்னொரு கொடுமை, நாளறியா ஆய்வு. காய்ச்சலின் தொடக்க நாள்களில் நச்சுயிரி குருதியில் உலவும்; அப்போது வேண்டுவது பி.சி.ஆர். எதிர்ப்பொருள் தேடும் ஆய்வு அந்நாள்களில் வெறுங்கையே விரிக்கும். அதை நம்பி, 'நோயில்லை' என நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது மருத்துவமா?

காப்பு குன்றிய பழைய தடுப்பூசியும் 2022இல் கைவிடப்பட்டது. ஆகவே, ஆண்டுதோறும் மார்கழிக்கு முன்னரே காட்டோரப் புதர்களில் துணி இழுக்கப்படுக! ஆய்வகம் மாவட்டத் தலைநகரோடு நில்லாது வட்ட மருத்துவமனைவரை வருக!