எஞ்சினைத் தூக்கி எறியுமுன்

ஆசிரியருக்கு,

ஸ்னோ புளோவர் எஞ்சின் பழுதானால் புது மெஷின் வாங்குவதே லாபம் என்ற கட்டுரையை ஏற்க முடியவில்லை. ஸ்காபரோவில் பக்கத்து வீட்டாரின் மெஷின் ஸ்டார்ட் ஆகும். சோக்கைத் திறந்ததும் நின்றுவிடும். எஞ்சினையே மாற்றச் சொன்னார் கடைக்காரர். கழற்றிப் பார்த்தால், கோடை முழுக்கத் தேங்கிய பெட்ரோல் பிசினாகி, ஊசிமுனை அளவேயான கார்பரேட்டர் ஜெட்டை அடைத்திருந்தது. சுத்தம் செய்தோம், ஓடியது.

ஆயில் வற்றி, கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கே ஓட்டையாகியிருந்தால் பேச்சே இல்லை, எஞ்சினை மாற்றத்தான் வேண்டும். அப்போதும் ஷாஃப்டின் விட்டம், நீளம், போல்ட் துளைகளின் இடைவெளி பொருந்தும் எஞ்சின் மட்டும் போதும். பனிக்காலம் முடிந்ததும் பெட்ரோலை வடித்துவிடும்படி ஏப்ரல் இதழில் ஒரு குறிப்பு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஸ்காபரோ