வண்டிக்கும் உள்காயம் உண்டு!

குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டால் நெற்றி வீக்கத்தைப் பார்ப்பதோடு நாம் விட்டுவிடுவதில்லை. வாந்தி எடுக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா என்று நாள் முழுக்கக் கவனிக்கிறோம். இடிபட்ட காருக்கும் அதே கவனிப்பு வேண்டும், சகோதரிகளே!

சென்ற மாதம் திருமுல்லைவாயில் அருகே முன்னால் போன வேன் சட்டென்று நிற்க, என் கொழுந்தனாரின் பழைய மாருதி 800 அதன்மேல் இடித்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பம்பரும் ஒரு விளக்கும்தான் போயிற்று.

“ஸ்டார்ட் ஆகுது அண்ணி, ஓட்டிக்கிட்டே வந்துடறேன்.”

“வேண்டாம் தம்பி, கட்டி இழுத்துக்கிட்டே வரச் சொல்லுங்க” என்றேன்.

ஏன் தெரியுமா? 1983-ல் வந்து 2014-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. முன்பக்கத்தில் ரேடியேட்டர், அதையொட்டி விசிறி. பம்பர் உள்ளே மடங்கினால் ரேடியேட்டர் நசுங்கித் தண்ணீர் இறங்கிவிடும். தண்ணீரில்லாத குக்கரை அடுப்பில் வைத்த கதைதான். சூட்டில் இன்ஜினின் ‘ஹெட்’ வளைந்துவிடும். அதன் அடியிலுள்ள காஸ்கெட், நம் குக்கர் காஸ்கெட் போலவே, பிடிப்பு விட்டுப்போகும்.

அம்பத்தூர் எஸ்டேட் மெக்கானிக் ரேடியேட்டருக்குள் பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்தார். சும்மா நின்றபோது ஒழுகாதது, அப்போது கீழ்மூலையில் கசிந்தது. மயிரிழைக் கீறல்! பிறகு மூன்று சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். மூன்றும் சமமாக இருந்ததால் இன்ஜின் தப்பியது தெரிந்தது.

நாமே பார்க்கக்கூடியவையும் உண்டு:

* இரவு வண்டிக்கடியில் பழைய அட்டையை விரித்து வையுங்கள். பச்சைக் கறை கூலன்ட். கறுப்புக் கறை ஆயில்.

* ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் விட்ட காப்பி நிறமென்றால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்யவே கூடாது.

* ஒழுகல் இல்லாமலே தண்ணீர் குறைவது, இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை: காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

* வண்டி நிற்கும்போது புதிதாக உதறினால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் விட்டிருக்கலாம். பெல்ட் மூடி விரிசலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். ஆவி அடங்காத குக்கரைத் திறப்போமா?

இன்ஷூரன்ஸ் விஷயமும் கேளுங்கள். பழுது பார்க்குமுன் வண்டியை ஓட்டி, அதனால் சேதம் பெரிதானால், கூடுதல் சேதம் நம் பொறுப்பு என்றே பாலிசியில் போட்டிருக்கிறது. 10 வயது தாண்டிய வண்டியென்றால், புதிதாக மாற்றும் இரும்புப் பாகங்களின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிப்பார்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் நம் வண்டிக்கு ஒரு பைசாவும் வராது. ஆகவே டிங்கரிங், பெயிண்டிங் அப்புறம். ‘உள்ளே பாருங்க’ என்பது முதலில்.

பாலிசி எண்ணை, பால் கணக்கு எழுதும் காலண்டர் ஓரத்தில் இன்றே குறித்து வையுங்கள்.