கேஸ் அடுப்புக்கு விறகு மணம் எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரே அமர்க்களம். காலேஜில் படிக்கும் என் மகன் பனீர் மசாலா செய்திருந்தான். எல்லாம் முடிந்த பிறகு ஒரு அடுப்புக்கரித் துண்டை இடுக்கியில் பிடித்து, கேஸ் தீயில் கங்காகச் சுட்டு, சின்னக் கிண்ணத்தில் போட்டு, மசாலாவுக்கு நடுவே வைத்தான். அதன் மேல் ஒரு ஸ்பூன் நெய். 'புஸ்'ஸென்று புகை கிளம்பியதும் டக்கென்று மூடி போட்டுவிட்டு, "அஞ்சே நிமிஷம்மா... விறகடுப்புல செஞ்ச மாதிரியே இருக்கும் பாரு!" என்றான்.

அஞ்சு நிமிஷம் கழித்து மூடியைத் திறந்தான். ஹாலிலிருந்து இருமல் சத்தம். என் மாமியார்! இன்ஹேலரைத் தேடிக் கொடுத்து, அவருக்கு மூச்சு நிதானத்துக்கு வர அரை மணி நேரம் ஆயிற்று.

அத்தைக்கு வயது 74. வீட்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் கிடையாது. அப்படியிருந்தும் 'சி.ஓ.பி.டி.' எனப்படும் மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்று டாக்டர் சொன்னபோது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "எத்தனை வருஷம் விறகடுப்புல சமைச்சாங்க?" என்று கேட்டார். முப்பது வருஷம்! ஜன்னல் இல்லாத சமையலறை, ஈர விறகு, ஊதுகுழல்...

இப்போது 'விறகடுப்பு சமையல்' என்று ஓட்டல்கள் போர்டு வைக்கின்றன. நாமும் ஆசை ஆசையாய் போகிறோம். அத்தையிடமே கேட்டேன், "அந்தப் புகை வாசம் அவ்வளவு ருசியாவா இருந்துச்சு?" என்று.

"ருசியா? பால்ல புகை வாடை அடிச்சா உன் மாமனார் காபி டம்ளரை நகர்த்தி வச்சுட்டு எழுந்து போயிடுவாரு!"

அதாவது, அன்றைக்கு அது சமையலில் ஒரு குறை. இன்றைக்கு அதையே மெனக்கெட்டு உண்டாக்குகிறோம்!

அதுவும் சரியாக உண்டாகிறதா என்றால், இல்லை. விறகுப் புகையின் மணம், மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெந்து சிதைவதால் வருவது. அடுப்புக்கரி ஏற்கெனவே எரிந்து அந்த மணத்தையெல்லாம் இழந்த சரக்கு. கிண்ணத்தில் நாம் எழுப்புவது பெரும்பாலும் கருகிய நெய்யின் புகைதான். வெளிநாடுகளில் கேஸ் கிரில் வைத்திருப்பவர்கள் மரச்சீவல்களை இரும்புப் பெட்டியிலோ, ஓட்டை போட்ட அலுமினியத் தாளிலோ வைத்துப் புகைய விடுகிறார்கள். அது நிஜமான மரப்புகை. ஆனால், அவர்கள் அதைச் செய்வது கொல்லைப்புறத்தில், திறந்த வெளியில்! நம் ஃபிளாட் சமையலறை எட்டடிக்கு ஆறடி.

கொழுப்பு நெருப்பில் சொட்டிக் கருகினாலும் சரி, விறகு புகைந்தாலும் சரி, பென்ஸோபைரீன் போன்ற பொருட்கள் உண்டாகி உணவில் படியும். பென்ஸோபைரீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே பட்டியலிட்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அஞ்சு நிமிஷப் புகை என்றால் நான் பயமுறுத்த மாட்டேன். வாராவாரம் என்றால் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். 'பாட்டிலில் புகை எசன்ஸ் விற்கிறதே, அது தேவலையா?' என்பீர்கள். மரபணுவைப் பாதிக்குமோ என்ற கவலையால், எட்டு வகைப் புகைச் சுவையூட்டிகளின் அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்று 2024-ல் ஐரோப்பிய யூனியனே முடிவெடுத்துவிட்டது.

என் பெரிய பயம் சாப்பாட்டைப் பற்றியதல்ல. வீட்டுக்குள் கனலும் கரியைப் பற்றியது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், ஏ.ஸி. ஓடுகிறது, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது என்ற நிலையில் தட்டு நிறையக் கங்கு போட்டு கபாப் சுடுவது தற்கொலைக்குச் சமம். தலைவலி, வாந்தி என்று ஆரம்பிக்கும்போது பிரியாணிதான் ஒத்துக்கலை என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். ஒரே ஒரு துண்டுக் கரி என்றாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். சட்டென்று பற்றிக்கொள்ள ரசாயனம் தடவி வரும் கரி வேண்டவே வேண்டாம். வேலை முடிந்ததும் கங்கைத் தண்ணீரில் அமுக்கி அணைத்துவிடுங்கள். குப்பைக்கூடையில் அப்படியே போட்டு, பிளாஸ்டிக் உருகிய கதை எங்கள் வீட்டிலேயே உண்டு! ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணி, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குள் இந்த விளையாட்டே கூடாது.

மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "புகை வேணும்னா மொட்டை மாடிக்குப் போ." நேற்று மாடியில் வைத்துச் செய்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். முதல் கரண்டி பாட்டிக்கு. வாயில் போட்டவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு... லேசா அடி பிடிச்சுடுச்சாடா?"